மெடிக்கல் கேம்ப் முடிஞ்ச மறுவாரம் யார் போறா?

ஃப்ரீ மெடிக்கல் கேம்ப்னு பேனர் கட்டி ஆளாளுக்கு போட்டோ போடுறோம், நல்லது தான், நானும் அந்த பேனர் முன்னாடி நின்னு பல்லைக் காட்டினவ தான். ஆனா சென்னையில கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கமெல்லாம் ரெஜிஸ்ட்ரேஷன் டேபிள்லயும் மாத்திரை கவுன்டர்லயும் உட்கார்ந்து பார்த்ததுல எனக்கு ஒண்ணு உறுதியாயிடுச்சு. கேம்ப்புக்கு டாக்டர் கிடைக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல, அடுத்த வாரம் அதே வீட்டுக் கதவைத் தட்ட ஆள் கிடைக்கிறது தான் கஷ்டம்.

ஞாயித்துக்கிழமை காலைல நாங்க போய் அட்டைப்பெட்டியப் பிரிச்சு எக்ஸ்பைரி பார்த்து அடுக்குறதுக்குள்ள வரிசை வந்துடும் (நன்கொடைன்னு வர்ற சாம்பிள் மாத்திரைல பாதி காலாவதி ஆகுற நிலைமைல தான் வரும், அதைப் பத்தி எழுதினா தனிப் பதிவு ஆயிடும்). டோக்கன், எடை, பிபி, விரல்ல குத்தி சுகர், டாக்டர், கடைசியா மாத்திரை கவுன்டர். சீட்டுல 1-0-1ன்னு (காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு) இருக்குறது நிறைய பேருக்குப் புரியாது, அதனால கவர் மேல ஒரு சூரியன் ஒரு நிலா வரைஞ்சு குடுப்போம். "ஊசி போட மாட்டீங்களா"ன்னு ஏமாற்றமா கேப்பாங்க. "டானிக் எதுனா குடு கண்ணு, கை காலெல்லாம் அசதியா கீது"ம்பாங்க. அந்த அசதிக்குப் பின்னாடி பல நேரம் கண்டுபிடிக்காத சுகர் இருக்கும், இல்லன்னா ரத்தம் கம்மியா இருக்கும், டானிக் கேட்டவங்களை சும்மா சிரிச்சு அனுப்பக் கூடாது.

வர்ற அக்காங்க நிறைய பேர் ஓஎம்ஆர் ரோட்டு கம்பெனிகள்ல ஹவுஸ்கீப்பிங், இல்லன்னா வீட்டு வேலை. விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும், வேலை எடத்துல பாத்ரூம் போக சங்கடப்பட்டுக்கிட்டு தண்ணியே குடிக்க மாட்டாங்க, காலைச் சாப்பாடு டீயும் பன்னும். முட்டி வலிக்கு மெடிக்கல்ல சீட்டு இல்லாம கலந்து குடுக்குற செட் மாத்திரை வாங்கிப் போட்டுட்டு அடுத்த வேலைக்கு ஓடுறாங்க. அதுல வலி மாத்திரை இருந்தா, நாள்கணக்கா போட்டா பிபி ஏறும், கிட்னியப் பாதிக்கும், ஏற்கனவே சுகர் இருக்குறவங்களுக்கு இன்னும் மோசம். இதை ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசணும், ஆனா கேம்ப்ல ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெரிசு.

இவங்கள்ல பலர் கூவம், அடையாறு கரையில இருந்து இங்க மாத்தப்பட்டவங்க, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் வந்த குடும்பங்களும் நிறைய. ஊருக்கு நடுவுல இருந்தப்ப பெரியாஸ்பத்திரியோ ராயப்பேட்டை ஆஸ்பத்திரியோ பக்கம். இப்போ ஜிஎச் போறதுன்னா ஒரு நாள் கூலி போச்சு, 2021ல இருந்து லேடீஸுக்கு சாதா பஸ்ல டிக்கெட் இல்ல தான், ஆனா போற நேரத்தை யார் திருப்பித் தருவா?

சரி, இப்போ என் பிரச்சனைக்கு வர்றேன். பிபியும் சுகரும் ஆயுசுக்கும் பார்த்துக்க வேண்டிய வியாதி. நாங்க குடுக்குறது பத்து நாள் மெட்ஃபார்மின், அதாவது சுகர் மாத்திரை. பதினோராவது நாள்? மாத்திரை முடிஞ்சா வியாதியும் முடிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறவங்க எவ்ளோ பேர் தெரியுமா. இன்னொண்ணு, படபடப்பா நடந்து வந்து வரிசைல நின்னவங்களுக்கு ஒரே ஒரு தடவை 150/90 காட்டினா அதை வச்சு பிபின்னு முத்திரை குத்திட முடியாது, வேற நாள் மறுபடி பார்க்கணும். அந்த வேற நாள் எங்க கேம்ப் பிளான்லயே இல்ல!

"ஒண்ணுமே இல்லாததுக்கு பத்து நாள் மாத்திரையாவது மேல்"னு ஒரு ஃப்ரெண்ட் சண்டை போட்டான். ஒண்ணுமே இல்லன்னா அவன் சொல்றது சரி. ஆனா ஆரம்ப சுகாதார நிலையத்துல இதே மாத்திரை மாசாமாசம் ஃப்ரீயா கிடைக்குது, 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குற ஸ்கீமும் இருக்கு. சில பேருக்கு இது தெரியாது, சில பேர் அங்க மாத்திரை வாங்குற நோட்டைத் தொலைச்சுட்டு திட்டுவாங்களோன்னு போறதையே விட்டுட்டாங்க. அவங்களைக் கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போய் மறுபடி பேர் எழுத வைக்கிறது தான் வேலையே, அதுக்கு எம்பிபிஎஸ் வேணாம், ஒரு நோட்டும் போனும் போதும். அதுல போட்டோவுக்கு ஒண்ணும் இருக்காது, அதான் யாரும் வர மாட்டேங்குறாங்கன்னு எனக்கு ஒரு டவுட்.

அப்புறம் பெரும்பாக்கத்து எட்டு மாடி ப்ளாக். லிஃப்ட் ஓடாத அன்னிக்கு கேம்ப்புக்கு எறங்கி வர்றவங்க, எறங்கி வர முடிஞ்சவங்க மட்டும் தான். பக்கவாதம் வந்து படுத்திருக்குறவர், சுகர்ல கால் புண்ணோட இருக்குற பாட்டி, இவங்கெல்லாம் மேலயே இருப்பாங்க, நம்ம டோக்கன் கணக்குல வரவே மாட்டாங்க.

அதனால இந்த தடவை டாக்டர் யாராவது தெரியுமான்னு கேக்கலை, டாக்டர் இருக்காங்க. வாரநாள் சாயங்காலம் வேலை முடிஞ்சு ரெண்டு மணி நேரம் மாடி ஏறி லிஸ்ட்ல இருக்குற வீடுகளைப் பார்க்க ஆள் வேணும், பெரும்பாக்கம் சைடு, முட்டி நல்லா இருக்குறவங்க இன்பாக்ஸ்ல வாங்க.