2006இல் எடுத்த அந்த 36 படங்கள்
வெளியில் போனால் கேமராவை எடுக்காமல் கண்ணால் மட்டும் பாருங்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2006இல் அப்பாவோடு மூணாறு பக்கம் ராஜமலைக்குக் குறிஞ்சி பார்க்கப் போனேன். கையில் பிலிம் கேமரா, ஒரே ரோல், 36 படம். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் நின்று, பனிமூட்டம் விலகும்வரை காத்திருந்துதான் எடுத்தேன். சும்மா நடந்திருந்தால் அவ்வளவு நேரம் அந்தச் சரிவைப் பார்த்திருக்கவே மாட்டேன். பாதிப் படங்கள் மங்கலாக, சாம்பல் நிறத்தில் வந்தன. வெள்ளைப் பனி, கேமராவின் ஒளி அளவியை ஏமாற்றிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது இரண்டு மடங்கு ஒளி விழும்படி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அப்புறம் கற்றுக்கொண்டது.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். 2018இல் மறுபடி பூத்தபோது கேரளத்தில் பெருவெள்ளம், போக முடியவில்லை. அடுத்தது 2030. அப்பா இப்போது இல்லை. மப்ளர் சுற்றிக்கொண்டு பூவைக் குனிந்து பார்க்கும் அவருடைய படம் ஒன்று அந்த ரோலில் இருக்கிறது. கொஞ்சம் ஆடியிருக்கிறது, பரவாயில்லை. நெகட்டிவை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன்.