"சி.ஆர்.பி. 14 தான், பயப்படாதேங்கோ"

லாப்பில் வேலை செய்கிறவனுக்குச் சொந்தக்காரர் மத்தியில் ஒரு மரியாதை உண்டு. டொக்டர் இல்லை, ஆனாலும் றிப்போட் வாசிக்கத் தெரிந்தவன். கலியாண வீட்டுப் பந்தியில் இருக்கும்போதே பக்கத்தில் ஒருவர் மடித்த தாளை நீட்டி, "தம்பி, இதில ஏதும் கூடிப்போச்சோ?" என்பார். அந்த மரியாதையை நானே நம்பிச் செய்த பிழையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு 78 வயது. புரொஸ்ரேட் வீங்கிச் சலம் அடைத்து, குழாய் போட்டு, ஒப்பரேசனுக்கு நாள் வரும்வரை கோண்டாவிலில் வீட்டோடு இருந்தார். கிளினிக்குக்கு ஓட்டோவில் போகும்போது குழாயில் தொங்குகிற சலப்பையைத் தூக்கி மடியில் வைத்து, மேலே துவாயைப் போட்டு மூடிக்கொள்வார். வெட்கம். பை இடுப்புக்கு மேலே ஏறினால் குழாயில் நிற்கிறது திரும்ப உள்ளே ஓடும் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "உன்ர படிப்பை லாப்புக்குள்ள வைச்சுக்கொள்ளு. ரோட்டில போற சனம் பாக்கிறது என்னைத்தான்" என்பார்.

முதல் இரண்டு மாதத்தில் அவருக்கு மூன்று தரம் அன்ரிபயோட்டிக் போனது. காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. சலம் கலங்கலாக இருக்கிறது, மணக்கிறது என்று பெரியம்மா பயந்துபோய் வெளியில் யூரின் கல்ச்சர், அதாவது சலத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற சோதனை, செய்வித்தா. கிருமி வளர்ந்தது. றிப்போட்டைக் காட்டினார்கள், குளிசை எழுதப்பட்டது. மூன்றாம் தரம் வந்த றிப்போட்டில் முதல் இரண்டு தரமும் கொடுத்த மருந்துகளுக்கு நேரே "எதிர்ப்பு" என்று விழுந்திருந்தது. வயிற்றோட்டம் வேறு.

குழாய் போட்டவரின் சலத்தில் கிருமி இருப்பது ஒரு செய்தியே இல்லை. குழாய் இருக்கிற ஒவ்வொரு நாளும் 3 முதல் 8 வீதம் பேருக்குப் புதிதாகக் கிருமி ஏறும். ஒரு மாதம் கடந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். கிணற்றுக் கட்டில் பாசி பிடிப்பதுபோலக் குழாயின் உட்சுவரில் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. மேலால் ஊற்றும் தண்ணீருக்குப் பாசி கழராது, குளிசைக்கும் அந்தப் படலம் கழராது. கலங்கல், மணம், சலத்தில் சீழ்க்கலங்கள் எல்லாம் குழாய் இருக்கும்வரை இருக்கத்தான் செய்யும். காய்ச்சலோ நடுக்கமோ விலாநோவோ இல்லாதவரின் சலத்தைச் சும்மா சோதிக்கவே கூடாது. லாப்பில் சம்பளம் வாங்குகிறவன் இதைச் சொல்வது கொஞ்சம் விசர்க்கதைதான், தெரியும்.

சரி, சலத்தை நம்ப முடியாவிட்டால் இரத்தத்தைப் பார்க்கலாம்தானே? அங்கேதான் நான் விழுந்தேன்.

ஒரு நாள் பின்னேரம் ஏழு மணிபோல் பெரியப்பாவுக்குக் கட்டில் ஆடுகிற நடுக்கம். ஒன்பது மணிக்குப் போய் இரத்தம் எடுத்து, லாப்பைத் திறந்து மெசினில் போட்டேன். சி.ஆர்.பி. என்பது உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் இரத்தத்தில் ஏறுகிற ஒரு புரதம். அது 14. பத்துக்குக் கீழே இருக்க வேண்டியது கொஞ்சம் கூட, அவ்வளவுதான். போன் எடுத்து, "14 தான், பயப்படாதேங்கோ. பனடோல் குடுத்துப் படுக்க விடுங்கோ" என்று சொல்லிவிட்டு நானும் போய்ப் படுத்தேன்.

விடிய ஆறு மணிக்குப் பெரியம்மாவின் போன். ஆள் அலட்டுகிறார். நான் போய்க் கட்டிலடியில் நின்றபோது என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா செத்து ஒன்பது வருடம்.

அன்று ஆஸ்பத்திரியில் எடுத்த சி.ஆர்.பி. 171. இரவு என் மெசினில் பிழை இல்லை, நான் இரத்தம் எடுத்த நேரம்தான் பிழை. இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது 1930இல், அமெரிக்காவின் றொக்பெல்லர் ஆய்வுநிலையத்தில். கிருமி நுழைந்ததும் உடல் அனுப்புகிற செய்தி கிடைத்த பிறகே ஈரல் இதைச் செய்யத் தொடங்கும். இரத்தத்தில் தெளிவாக ஏறுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகும், உச்சத்துக்கு வர இரண்டு நாள் போகும். இரண்டு மணித்தியாலத்தில் எடுத்துப் பார்த்தால் நேற்றைய பெரியப்பாதான் தெரிவார். இதைப் படித்துப் பரீட்சையில் எழுதிப் பாஸானவன் நான். ஆனால் அந்த இரவு கையில் இலக்கம் வந்ததும் கட்டில் ஆடியதை மறந்துவிட்டேன்.

வாட்டில் இருந்த டொக்டர் பிள்ளை என் தாளை வாங்கவே இல்லை. முதல் கேட்டது, "நடுக்கம் எத்தனை மணிக்குத் துவங்கினது?" பிறகு விலாவுக்குக் கீழே முதுகில் மெல்லத் தட்டிப் பார்த்தா. பழைய குழாயைக் கழற்றிப் புதிது போட்டு, அதிலிருந்து விழுந்த சலத்தைத்தான் கல்ச்சருக்கு அனுப்பினா. பழைய குழாயில் எடுத்தால் பாசியின் கணக்குத்தான் வரும். இரண்டு கையிலும் இரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு ஊசி மருந்து. இரண்டு நாளில் சலத்திலும் இரத்தத்திலும் ஒரே கிருமி வளர்ந்து வந்தது.

இதைச் சொன்னால் கூட வேலை செய்கிறவர்கள், "அப்ப புரோகல்சிற்றோனின் பாத்திருக்கலாமே" என்கிறார்கள். பார்த்திருக்கலாம். அதுவும் சி.ஆர்.பி. போல இரத்தத்தில் பார்க்கிற ஒரு தொற்று அடையாளம்தான். பற்றீரியாத் தொற்றில் அது இரண்டு முதல் நாலு மணித்தியாலத்துக்குள்ளேயே ஏறத் தொடங்கிவிடும். வைரஸ் காய்ச்சலில் பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. ஆனால் காசு சி.ஆர்.பி.யைவிடப் பல மடங்கு, அதுவும் கடவுள் வாக்கில்லை. தொற்று உடம்புக்குள் இருக்கிற சிறுநீர்ப்பையோடு மட்டும் நின்றால் பேசாமல் இருந்துவிடும். பெரிய ஒப்பரேசன், எரிகாயம், பலத்த அடி என்றால் கிருமியே இல்லாமலும் ஏறும். கிட்னி பழுதாகிக் கழுத்துக் குழாயோடு டயலிசிசுக்குப் போகிறவர்களுக்குத் தொற்று இல்லாத நாளிலேயே கூடித்தான் நிற்கும். சுகதேகியின் அளவுகோலை அவர்களுக்கு வைத்தால் எல்லோரும் நோயாளிதான். அவர்களுக்கு நடுக்கம் வந்தால் குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்துக் கல்ச்சரில் வைப்பார்கள். குழாய் இரத்தம் மற்றதைவிட 120 நிமிடமாவது முந்தி வளர்ந்தால் கிருமி குடியிருக்கிற இடம் குழாய். அங்கேயும் பார்ப்பது மணிக்கூட்டைத்தான், கவனித்தீர்களோ?

அப்புறம், எந்த இரத்த இலக்கமும் தொற்று எங்கே என்று சொல்லாது. 2024 மார்கழி மழையோடு எலிக்காய்ச்சல் வந்து யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது மறந்திருக்காது. குழாய் போட்டவருக்கும் எலிக்காய்ச்சல் வரும், நியூமோனியா வரும். சி.ஆர்.பி. ஏறியதும் பழியைக் குழாயில் போட்டுவிட்டு நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்காமல் விடுவதும் நடக்கிறது.

இந்த இலக்கங்கள் உண்மையிலேயே உதவுகிற இடம் வேறு என்பது என் கருத்து. மருந்தை எப்போது நிறுத்துவது என்பதற்கு. நெதர்லாந்தில் ஐ.சி.யூ. நோயாளிகள் 1500 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வந்தது. புரோகல்சிற்றோனின் உச்சத்திலிருந்து 80 வீதம் இறங்கினால், அல்லது 0.5க்குக் கீழே வந்தால் அன்ரிபயோட்டிக்கை நிறுத்தலாம் என்று டொக்டர்மாருக்கு ஆலோசனை போனது. அப்படிச் செய்த பகுதியில் மருந்து ஏழு நாளுக்குப் பதில் ஐந்து நாளோடு முடிந்தது. சாவு கூடவில்லை, குறைந்தது. ஒரு இலக்கத்தைத் தனியே பார்த்துப் பயப்படுகிறோம், அல்லது என்னைப்போல் தனியே பார்த்து நிம்மதியாகிறோம். அடுத்த நாளும் எடுத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க "ரெண்டாந்தரம் காசு" என்று யோசிக்கிறோம். அந்த இரண்டாந்தரக் காசு, தேவையில்லாத மூன்று கல்ச்சருக்கும் மூன்று பெட்டிக் குளிசைக்கும் போனதைவிடக் குறைவு.

பெரியப்பா பதினொரு நாளில் வீட்டுக்கு வந்தார். சி.ஆர்.பி. 171, 120, 64 என்று இறங்கியதைப் பெரியம்மா கலண்டரில் பேனையால் எழுதி வைத்திருந்தா. இப்போது பையை ஓட்டோ சீற்றுக்குக் கீழே கொழுவ ஒரு கம்பிக் கொளுக்கி வைத்திருக்கிறார், துவாய் மட்டும் இன்னும் மடியில்தான்.

எங்கள் லாப் றிப்போட்டில் பெயர், வயது, இரத்தம் எடுத்த நேரம் எல்லாம் அச்சாகும். காய்ச்சல் தொடங்கிய நேரத்துக்கு இடம் இல்லை. ஆட்களிடம் கேட்டு நானே மேல் மூலையில் பேனையால் எழுதி விடுகிறேன். முதலாளி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.