சதுர அடிக் கணக்கில் படம் விற்காதீர்கள்

பெரிய பிரிண்ட் வாங்க வருபவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன ரேட்?" வீட்டுக்கு இன்டீரியர் செய்பவர் கேட்கிறார். ஆஸ்பத்திரி வரவேற்பறைக்குப் படம் தேடுபவரும் அதையேதான் கேட்கிறார். அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. டைல்ஸ், வால்பேப்பர், ஃபால்ஸ் சீலிங் என்று எல்லாவற்றையும் அப்படித்தான் வாங்கிப் பழகியிருக்கிறார்கள். கேட்ட உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்களே நம் போட்டோகிராஃபர்கள், அதுதான் மனதை உறுத்துகிறது. முதல் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 12×18 அங்குலப் பிரிண்ட் ஒன்றரை சதுர அடி. 24×36 ஆறு சதுர அடி. 40×60 போனால் பதினாறரைக்கும் மேல். நீள அகலம் இரண்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும், இது பள்ளிக்கூடக் கணக்குதான். சின்னப் பிரிண்டை 3,000 ரூபாய்க்குக் கொடுத்துப் பழகிய ஒருவர் அதே ரேட்டில் 40×60-க்கு விலை சொன்னால் சுமார் 33,000 வரும். கேட்க நல்ல தொகையாகத் தெரியும். செலவை எழுதிப் பார்க்கும்போதுதான் கையில் எதுவும் நிற்கவில்லை என்று தெரியும்.

அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். ஃப்ளெக்ஸ் பேனரும் பெரிதுதான். ஆனால் நாம் விற்பது பருத்திக் கூழில் செய்த கனமான தாளில், பிக்மென்ட் மையில் போட்ட பிரிண்ட். அந்தத் தாளின் மேற்பரப்பு ரொம்பவே மென்மையானது, நகம் பட்டாலே கோடு விழும். பிரிண்ட் போடுவதற்கு முன் தாளில் ஒட்டியிருக்கும் நுண்ணிய நார்த்தூசியைப் பிரஷ்ஷால் தட்டியாக வேண்டும். ஒரு தூசி தப்பினாலும் மை அதன் மேல் விழுந்துவிடும், பிறகு அது உதிரும்போது கறுப்புப் பகுதியின் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி நிற்கும். சின்னப் பிரிண்டில் மெல்லிய தூரிகையால் தொட்டுச் சரிசெய்துவிடலாம். இரவு வானம் ஐந்தடிக்கு விரிந்து கிடக்கும் படத்தில் அப்படி நான்கு புள்ளி விழுந்தால், மறுபடி பிரிண்ட் போடுவதைத் தவிர வழியில்லை. அந்த இரண்டாவது பிரிண்டுக்கு யார் காசு கொடுப்பது? விலைக்குள் அது இல்லையென்றால் நீங்கள்தான்.

அப்புறம் ஃப்ரேம். 40×60 அளவுக்கு 4 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே பதினைந்து கிலோவைத் தாண்டும். 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் போட்டால் ஐந்தரை கிலோதான், ஆனால் எளிதில் கீறல் விழும். நல்ல அக்ரிலிக் வேண்டுமென்றால் விலை ஏறும். படத்தைச் சுற்றி விடும் வெற்று மார்ஜினும் மரச்சட்டமும் சேர்ந்து நாலுக்கு ஆறடி ஆகிவிட்டால் பல அடுக்குமாடிகளில் அது லிஃப்டுக்குள் போகாது. படிக்கட்டில் தூக்க இரண்டு ஆள், சுவரில் சரியாக மாட்டத் தெரிந்த ஒருவர். சென்னையில் ஐப்பசி கார்த்திகை மழைக்குச் சுவர் ஓதம் அடிக்கும். படத்தின் முதுகுக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போக இடைவெளி விடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இவ்வளவும் உங்கள் பொறுப்பு, இவ்வளவும் செலவு.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் தொகை மாறலாம். பிரிண்டுக்கு 10,000, சோதனைப் பிரிண்டுகளுக்கு 2,000, மவுண்ட் (பிரிண்டைத் தாங்கும் அட்டை), ஃப்ரேம், அக்ரிலிக் சேர்த்து 18,000, பேக்கிங் வண்டிக்கூலி 4,000. மொத்தம் 34,000. விலை 60,000 என்று எழுதுகிறீர்கள். கேலரி கமிஷன் 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது சாதாரணம். 50 என்றால் 30,000 போய்விடும். மிச்சம் 30,000. அதாவது படம் விற்றுவிட்டது, எல்லோரும் கை குலுக்கினார்கள், உங்களுக்கு 4,000 ரூபாய் நஷ்டம். அதே படத்துக்கு 1,50,000 வைத்தால் கேலரிக்கு 75,000, செலவு 34,000, உங்களுக்கு 41,000. லட்சத்தைத் தாண்டிய விலையைப் பார்த்துப் பேராசை என்பவர்களிடம் இந்தக் கணக்கை அப்படியே எழுதிக் காட்டுங்கள். அந்த 41,000-க்குள்தான் கேமரா, லென்ஸ், பயணம், எதுவும் கிடைக்காமல் திரும்பி வந்த விடியற்காலைகள் எல்லாம் அடங்க வேண்டும். அதன் மேல் வரியும் இருக்கிறது.

"கேலரியே வேண்டாம், நானே நேரடியாக விற்கிறேன், பாதி விலைக்குக் கொடுக்கிறேன்" என்று சிலர் சொல்கிறார்கள். இது நியாயமில்லை. கேலரியில் ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கியவர், அதே படம் உங்கள் ஸ்டூடியோவில் 75,000-க்குப் போகிறது என்று கேள்விப்பட்டால் அடுத்த முறை அந்தப் பக்கமே வரமாட்டார். கேலரிக்காரரும் உங்களை நம்பமாட்டார். எங்கே விற்றாலும் ஒரே விலை. நீங்களே விற்கும்போது கேலரியின் வேலையை, அதாவது ஆள் தேடுவது, விளக்கிச் சொல்வது, பணம் வரும்வரை அலைவது எல்லாவற்றையும் நீங்களே செய்கிறீர்கள். அந்தப் பங்கு உங்களுக்குரியதுதான். ஒன்று மட்டும் கேலரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: ஃப்ரேம் செலவைத் தனியாகக் காட்டி, பிரிண்ட் விலைக்கு மட்டும் கமிஷன் எடுக்கச் சொல்லுங்கள். பேசினால் ஒப்புக்கொள்பவர்கள் உண்டு.

இனி எடிஷன். என்னைக் கேட்டால் விலையை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இதுதான். இந்தப் படத்தில் மொத்தம் எத்தனை பிரிண்ட் போடப் போகிறீர்கள்? ஏழா, பத்தா? அந்த எண்ணிக்கை எல்லா அளவுகளுக்கும் சேர்த்தா, அளவுக்கு அளவு தனியா? இதைத் தெளிவாக எழுதாததால் அமெரிக்காவில் ஒரு வழக்கே நடந்தது. வண்ணப் புகைப்படத்தின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் எகிள்ஸ்டன், டை டிரான்ஸ்ஃபர் என்ற பழைய வண்ணப் பிரிண்ட் முறையில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் முன்பு விற்ற சில படங்களைப் பிற்காலத்தில் மிகப் பெரிய டிஜிட்டல் பிரிண்டுகளாகப் போட்டார். 2012 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அவருடைய 36 பெரிய பிரிண்டுகள் 59 லட்சம் டாலருக்குப் போயின. பழைய பிரிண்டுகளைச் சேர்த்து வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர், என் படங்களின் மதிப்பு போய்விட்டது என்று நீதிமன்றம் போனார். அளவும் முறையும் வேறு, எனவே இது வேறு எடிஷன் என்று 2013-ல் அந்த வழக்கு தள்ளுபடியானது.

சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். நம் ஊரில் ஒரு போட்டோகிராஃபரிடம் பெரிய பிரிண்ட் வாங்குபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், பெரும்பாலும் முகம் தெரிந்தவர்கள். அவர்களிடம் போய் "அது வேறு அளவு சார்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. எல்லா அளவும் ஒரே எண்ணிக்கைக்குள் வர வேண்டும் என்பதே என் கட்சி. அப்படி முடியாது என்றால், பின்னாளில் பெரிய அளவில் போடக்கூடும் என்று பிரிண்டோடு கொடுக்கும் சர்டிபிகேட்டில் இப்போதே எழுதிவிடுங்கள். எடிஷனே வேண்டாம் என்று இருப்பதும் நேர்மையான வழிதான். அமெரிக்க போட்டோகிராஃபர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலவு எழுவதை எடுத்த படத்தை வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் பிரிண்ட் போட்டார், 2006-ல் அதில் ஒன்று ஏலத்தில் ஆறு லட்சம் டாலரைத் தாண்டியது. அவர் எண்ணிக்கைக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும்.

எடிஷன் இருந்தால் விலையைப் படிப்படியாக ஏற்றலாம். ஏழில் முதல் மூன்று ஒரு விலை, அடுத்த இரண்டு கொஞ்சம் கூட, கடைசி இரண்டு இன்னும் கூட. ஆனால் முதல் பிரிண்ட் விற்கும் முன்பே இந்தப் பட்டியல் தாளில் இருக்க வேண்டும். ஏற்றிய விலையை இறக்கவே கூடாது. முதலில் நம்பி வாங்கியவருக்குச் செய்யும் துரோகம் அது.

இன்னொன்று, எல்லாப் படமும் பெரிதாகத் தகுதியானதில்லை. ஜெர்மன் போட்டோகிராஃபர் ஆந்த்ரியாஸ் குர்ஸ்கியின் ரைன் நதிப் படம் மூன்றரை மீட்டருக்கும் அதிக அகலம். 2011-ல் 43 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வெறுமையான கரையும் நீரும் அந்த அளவில்தான் ஆளை நிறுத்தும், உள்ளங்கை அளவில் அது ஒன்றுமில்லை. நம் படங்களில் அப்படி அகலம் கேட்பவை எவை என்று சுவரில் ஒட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 24 மெகாபிக்சல் கோப்பு 40×60 அளவில் 100 டிபிஐதான் தரும், அதாவது ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளி. தள்ளி நின்று பார்க்க அது போதும், பக்கத்தில் வந்து முகங்களைத் தேட வைக்கும் கூட்டக் காட்சிக்குப் போதாது. அதற்கு 40×60 விலை கேட்பதும் தப்பு.

பேரம் பற்றிக் கேட்பீர்கள். தெரிந்தவர், உறவுக்காரர், நல்ல ரசிகர், ஆனால் கையில் அவ்வளவு பணமில்லை. விலையைக் குறைக்காதீர்கள், ஆறு மாதத் தவணை கொடுங்கள். இல்லையென்றால் எடிஷன் கணக்கில் ஒரு சின்னப் பிரிண்டைப் பரிசாகவே கொடுத்துவிடுங்கள். நிலையாக நிற்க வேறு வருமானமும் வேண்டும். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் வழிகாட்ட சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, ஓவியர்கள் பாட்டிக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். நமக்குக் கல்யாண ஆல்பமும் பொருள் விளம்பரப் படமும் இருக்கின்றன. அந்தச் சம்பாத்தியம் இருந்தால் பெரிய பிரிண்ட் இரண்டு வருடம் விற்காமல் சுருளிலேயே கிடந்தாலும் விலையைக் குறைக்க வேண்டியிருக்காது.

என் கணக்கில் ஃப்ரேம் 18,000 என்று போட்டிருக்கிறேன். மதுரை, கோவை, திருச்சிப் பக்கம் அமிலமில்லாத மவுண்ட் போர்டும் நல்ல அக்ரிலிக்கும் போட்டு இந்த அளவு ஃப்ரேம் செய்பவர்கள் இருந்தால், என்ன தொகை ஆகிறது என்று கீழே எழுதுங்கள். புதிதாக வருபவர்களுக்கு அது இப்போதே தேவைப்படுகிறது.