வலி போகாது என்று முதலில் சொல்லிவிடுங்கள், அப்புறம் தியானம் சொல்லிக்கொடுங்கள்

முடக்குவாதம் வந்து எனக்கு இது 11ஆவது வருஷம். காலையில் விரல்கள் மடங்காது, பல் துலக்க பிரஷ்ஷைப் பிடிப்பதற்கே சில நாள் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, கூடவே ஃபோலிக் ஆசிட், சில மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. போன வாரம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கும்மா இவ்ளோ மாத்திரை, தியானம் பண்ணுங்க, மனசு சரியானா உடம்பு தானா சரியாயிடும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மூன்று வருஷமாகத் தினமும் தியானம் செய்கிறவள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிறது. நான் கண்ணை மூடி உட்கார்ந்தால் அது நின்றுவிடாது. மாத்திரைதான் மூட்டு சிதையாமல் காக்கிறது. எங்கள் புளோக்கில் ஓர் அக்கா ஒரு தியானப் பயிற்சிக்குப் போய் வந்ததும் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார், கொஞ்ச நாளில் மயங்கி விழுந்து ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. "மனசு சரியில்லாததால்தான் நோய்" என்று ஒரு நோயாளியிடம் சொல்வதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. குணமாகாவிட்டால் அதுவும் அவர் தப்பு என்று ஆகிவிடுகிறது.

சரி, அப்படியென்றால் நான் ஏன் உட்காருகிறேன்?

இரவு மூன்று மணிக்கு வலது மணிக்கட்டு என்னை எழுப்பும். வலி மணிக்கட்டில் இருக்கும், மனது அதற்குள் அடுத்த வருஷத்துக்குப் போயிருக்கும். நாளைக்குத் தேக்கா சந்தையில் காய்கறிப் பையைத் தூக்க முடியுமா, வேலையை விட வேண்டி வருமா, மகளுக்குப் பாரமாகிவிடுவேனா, அம்மாவுக்கும் கை இப்படித்தானே கோணிப்போனது. அரை மணி நேரத்தில் தாடை இறுகி, தோள் காது வரை ஏறி, மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். ஒரு மணிக்கட்டில் இருந்தது உடம்பு முழுக்க ஆகிவிடும். இந்த மூன்று மணிக்கு எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்த மாத்திரை என்னிடம் இல்லை.

நான் கற்றுக்கொண்டது வலியை விட்டு ஓடாமல் அந்த இடத்துக்கே போய்ப் பார்ப்பது. குத்துகிறதா, துடிக்கிறதா, எரிகிறதா, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? முதல் தடவை அப்படிப் பார்த்தபோது வலி மணிக்கட்டிலிருந்து நாலு விரல் தூரத்தில் முடிந்துவிட்டது. அதற்கு மேலே முழங்கை சும்மா இருந்தது, தோள் சும்மா இருந்தது. இத்தனை வருஷத்தில் வலிக்கு ஒரு எல்லை இருக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. படுக்கையிலேயே அழுதேன். வலி அன்றைக்குக் குறையவில்லை. ஆனால் மகளைப் பற்றிய பயம், அம்மாவின் கை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போனது, நான் அவற்றின் பின்னால் போகவில்லை. நாலரைக்குத் தூங்கிவிட்டேன்.

இதைத்தான் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிறார்கள். மருத்துவமனைக்குள் இதைக் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஸின், 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில். நாள்பட்ட வலிக்காரர்கள், மருத்துவத்தால் முழுதாகத் தீர்த்துவைக்க முடியாதவர்கள்தான் அவரிடம் அனுப்பப்பட்டார்கள். எட்டு வாரப் பயிற்சி, வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம். புத்தர் வழிவந்த பயிற்சிதான், மதச் சடங்குகளை மட்டும் எடுத்துவிட்டார், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் செய்யலாம்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2016இல் வெளிவந்தது, நாள்பட்ட முதுகுவலி உள்ள 342 பேரை வைத்துச் செய்தது. ஆறு மாதம் கழித்து, இந்தப் பயிற்சி எடுத்தவர்களில் 100க்குச் சுமார் 60 பேருக்கு அன்றாட வேலைகளைச் செய்வது குறிப்பிடத்தக்க அளவு சுலபமாகியிருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 44 பேர். இந்த எண்களை இரண்டு பக்கமும் படியுங்கள். வித்தியாசம் நிஜம், ஆனால் பயிற்சி எடுத்தும் 40 பேருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த 40 பேர் சோம்பேறிகளோ நம்பிக்கை இல்லாதவர்களோ கிடையாது.

என் ஆதங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் கற்ற வகுப்பு ஆங்கிலத்தில், ஒரு சமூக மன்றத்தில். எனக்குப் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாமா, 70 வயதிருக்கும், சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர், "பாடி ஸ்கேன்" என்றதும் ஆஸ்பத்திரி ஸ்கேன் என்று நினைத்து "நேத்துதான் எடுத்தேன்" என்றார். நான் அவர் காதில் மெதுவாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். கோயிலில் பிரகாரத்தை வலம் வருகிற மாதிரி மனசால உடம்பை ஒரு சுற்று வாங்க மாமா, கால் விரல்ல ஆரம்பிங்க. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலு இருக்கறதே தெரியலம்மா" என்றார். ஆசிரியரிடம் சொன்னேன். தெரியவில்லை என்பதைக் கவனித்ததும் கவனிப்புதான் என்றார். அதற்கப்புறம் மாமா ராத்திரி படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். தாதி பல வருஷமாகச் சொல்லியும் செய்யாததை!

நம் பெரியவர்களுக்கு இந்த மொழி கிடைக்க வேண்டும். சில இடங்களில் மைண்ட்ஃபுல்னெஸை "மனநிறைவு" என்று மொழிபெயர்க்கிறார்கள், அது தப்பு. மனநிறைவு என்றால் திருப்தி. மூட்டு வீங்கி உட்கார்ந்திருப்பவரிடம் திருப்தியாக இரு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. "கவனம்" என்று சொன்னாலே போதும், எல்லாருக்கும் புரியும்.

2016இல் நீரிழிவுக்கு எதிரான போர் என்று சிங்கப்பூர் அறிவித்தது, 2023இல் நோய் வராமல் தடுப்பதற்கான ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் வந்தது. பலதுறை மருந்தகத்தில் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) எண்ணைச் சொல்கிறார்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள், நல்லதுதான். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் சாய்ந்திருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த நாலு மணி நேரத்தில் காதில் போட்டுக் கேட்க நல்ல தமிழில், நம் பேச்சு வழக்கில், பொய் வாக்குறுதி இல்லாத இருபது நிமிட ஒலிப்பதிவு ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். செலவு பெரிதாக ஆகாது.

ஒன்று மறந்துவிட்டேன். சிலருக்கு உடம்பைக் கவனித்தால் பதற்றம் கூடும், பழைய துயரம் மேலே வரும். அப்படி வந்தால் கண்ணைத் திறந்துவிடுங்கள், எழுந்து நடங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டிய விஷயம் இல்லை இது.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் ஐந்து பேர் உட்காருகிறோம், மாமாவும் வருகிறார். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி இருக்கிறது. இப்போதைக்கு என் கைபேசியில் என் குரலில் பதிவு செய்த ஒன்றைத்தான் போடுகிறோம், பின்னால் லிஃப்ட் சத்தம் கேட்கும். நல்ல குரலும் ஒரு அமைதியான அறையும் உள்ளவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், எழுதி வைத்திருக்கிறேன், படித்துக் கொடுத்தால் போதும்.