ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல

என் கம்ப்யூட்டர்ல பவர் பட்டனை அமுக்கினா எல்லா ஃபேனும் சுத்துது, கேபினட் பூரா கலர் கலரா லைட், மானிட்டர்ல மட்டும் "நோ சிக்னல்". எந்த பார்ட்ல கோளாறுன்னு அந்த மெஷினுக்கு சொல்லத் தெரியல. ஒரு காலத்துல சொல்லிட்டுதான் இருந்துச்சு, அதான் எனக்கு வயித்தெரிச்சலே.

1981ல வந்த ஐபிஎம் பிசிலயே பீப் கோடு உண்டு, அதாவது ஆன் பண்ணதும் வர்ற பீப் சத்தத்தை வெச்சே எங்க கோளாறுன்னு தெரிஞ்சுக்கலாம். ஒரு சின்ன பீப்னா எல்லாம் ஓகே, நீளமா ஒன்னு சின்னதா ரெண்டுன்னா டிஸ்ப்ளே கார்டைப் பாரு. இன்னைக்கும் நிறைய மதர்போர்டுல அந்த ஸ்பீக்கர் சொருக பின் இருக்கு, ஆனா குண்டுமணி சைஸ் ஸ்பீக்கரை பாக்ஸ்ல போட மாட்டேங்கறாங்க. சூட்டை இழுக்கற ஹீட்சிங்க் மேல ஆர்ஜிபி கலர் லைட் ஒட்ட மட்டும் காசு இருக்கு. எரர் கோடு காட்டற ரெண்டு டிஜிட் டிஸ்ப்ளேவும் பெரும்பாலும் விலை கூடின போர்டுக்குத்தான், மத்தவங்களுக்கு ஓரத்துல நாலு எல்இடி. சிபியு, டிராம்னா ரேம், விஜிஏன்னா டிஸ்ப்ளே கார்டு, பூட்னா விண்டோஸ் இருக்கற டிஸ்க், எதுல சிக்கலோ அந்த லைட் எரிஞ்சுட்டே நிக்கும். அவ்ளோதான்.

எனக்கு டிராம் லைட் எரிஞ்சுட்டே நிக்குது. சரி ரேம்தான் போச்சுன்னு முடிவு பண்ணலாம்னா அதுவும் முடியாது, ஏன்னா என்கிட்ட இருக்கற டிடிஆர்5 ரக ரேம்ல மெமரி டிரெயினிங்னு ஒன்னு இருக்கு, புது ரேம் போட்டதும் எந்த டைமிங்ல எந்த வோல்டேஜ்ல ஓட்டலாம்னு போர்டு தானா சோதிச்சுப் பாக்கும், சில நிமிஷம் ஆகலாம், நாலு ஸ்டிக் போட்டா இன்னும் இழுக்கும், அது வரைக்கும் ஸ்கிரீன் கருப்பாத்தான் கிடக்கும், அப்பவும் இதே டிராம் லைட்தான் எரியும். வேலை நடக்குதுன்னாலும் அந்த லைட், ரேம் செத்துப்போச்சுன்னாலும் அந்த லைட், நான் எதை நம்பறது? பாதில ஆஃப் பண்ணா மறுபடி முதல்லேர்ந்து. "கொஞ்சம் பொறு"ன்னு காட்ட தனியா ஒரு லைட் வைக்கறது அவ்ளோ பெரிய வேலையா?

ஒரே ஒரு ஸ்டிக்கை சிபியு பக்கத்துலேர்ந்து ரெண்டாவது ஸ்லாட்ல போட்டுப் பாத்தாச்சு, போர்டு செட்டிங்கை அழிக்க சிமாஸ் பேட்டரியை கழட்டி மாட்டியாச்சு, சிபியுவுக்கு கரண்ட் போற எட்டு பின் கேபிளை உருவி சொருகியாச்சு. ஃப்ரெண்டு ஒருத்தன் அவன் மாடுலர் பவர் சப்ளையோட தனியா கழட்டற கேபிளை எடுத்துட்டு வந்தான், வேணாம்டான்னு சொல்லிட்டேன். சப்ளை பக்கம் சொருகற முனை பாக்க அச்சு அசலா ஒன்னா இருக்கும், உள்ள 12 வோல்ட் எந்த பின், 5 வோல்ட் எந்த பின்னுங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், மாத்தி சொருகினா ஹார்ட் டிஸ்க் காலி. இதுக்குக்கூட ஒரு பொது ஸ்டாண்டர்ட் கிடையாது.

இதையெல்லாம் விட ஆத்திரம் வர்றது இந்த பந்தாட்டத்துலதான். எல்லாத்தையும் ஒரே பில்லுல வித்த கடைக்காரர் "ரேம் சர்வீஸ் சென்டர் போங்க சார்"ங்கறாரு. அங்க போனா "எங்க பெஞ்சுல ஓடுதே, போர்டைப் பாருங்க". போர்டு ஆளுங்க "இந்த ரேம் எங்க க்யூவிஎல்ல, அதாவது நாங்க சோதிச்சுப் பாத்த ரேம் லிஸ்ட்ல இல்ல, பயாஸ் அப்டேட் பண்ணிப் பாருங்க". பயாஸ்னா மெஷினை எழுப்பற போர்டு சாஃப்ட்வேர், டிஸ்ப்ளேவே வராத மெஷின்ல அதை எப்படி அப்டேட் பண்றது? பென்டிரைவை சொருகி ஒரு பட்டனை அமுக்கி ஏத்தற வசதி சில போர்டுல இருக்கு, இவங்க எனக்கு வித்த போர்டுல இல்ல. லிஸ்ட்ல இல்லாத ரேமை இந்த போர்டுக்கு சேர்த்துக் கொடுத்தது யாரு? நானா?

ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் போட்டுப் பாத்தாதான் இது தெரியும். மாத்திப் போட எக்ஸ்ட்ரா ரேமும் போர்டும் கடைலதான் ரேக் ரேக்கா அடுக்கி இருக்கு, என் வீட்ல இல்ல. திங்கக்கிழமை கேபினட்டை அப்படியே தூக்கிட்டுப் போய் கடைக்காரர் டேபிள் மேல வைக்கப்போறேன், டிஸ்ப்ளே வர்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.