ஃபிளாட்புஷ் பண்ணைகளில் உழைத்தவர்கள் யார்?

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குடியேறிய டச்சு விவசாயிகள் குடும்பமாகத் தாங்களே உழுது அறுத்தார்கள், அடிமைமுறை தென்மாநிலங்களின் சங்கதி என்று நண்பர் ஒருவர் எழுதி, அப்பகுதியிலுள்ள ஃபிளாட்புஷ் ஊரின் சமூக வரலாற்றை 1881இல் நூலாக்கிய கெர்ட்ரூட் லெஃபர்ட்ஸ் வாண்டர்பில்ட் அம்மையாரைச் சான்றுக்கு அழைத்திருக்கிறார். இது தவறான தகவல். 1790ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஃபிளாட்புஷ் அடங்கிய கிங்ஸ் கவுண்டியின் சுமார் 4,500 பேரில் 1,400க்கும் மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர், அடிமைகளாகப் பதிவாகியுள்ளனர்.

அம்மையாரும் அதை மறைக்கவில்லை. மென்மையாகச் சித்திரிக்கிறார், அவ்வளவே. 1824இல் அவ்வூரின் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்த அவர், 1827இல் நியூயார்க்கில் அடிமைமுறை ஒழிந்தபோது சிறு குழந்தை. எனவே வீட்டுப் புழங்குபொருள்களையும் வழக்கங்களையும் பற்றி அவர் எழுதியவற்றுக்குத் தரும் நம்பிக்கையை இந்த விஷயத்தில் அப்படியே தந்துவிட முடியாது (உள்ளூர்ப் பெருமையோடு எழுதப்படும் ஊர் வரலாறுகளில் இது எங்கும் உள்ள சிக்கல்தான்).

நியூயார்க் டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த காலமும் விதிவிலக்கல்ல. 1644இல் மன்ஹாட்டனில் அக்குடியேற்றத்தை நடத்திய வணிக நிறுவனமான டச்சு மேற்கிந்திய நிறுவனம் தன் அடிமைகள் 11 பேரை விடுவித்து நிலம் வழங்கியது உண்மை. ஆனால் அவர்கள் ஆண்டுதோறும் தானியமும் ஒரு கொழுத்த பன்றியும் கட்ட வேண்டும், பிள்ளைகளோ, இனிப் பிறக்கப் போகிறவர்கள் உட்பட, நிறுவனத்தின் அடிமைகளாகவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்க நியூயார்க் 1799இல் இயற்றிய சட்டம்கூட, அதன்பின் பிறந்த ஆண்பிள்ளைகளை 28 வயது வரையிலும் பெண்களை 25 வரையிலும் தாயின் எசமானருக்கே உழைக்கக் கட்டாயப்படுத்தியது.