பில் ரஸ்ஸலை எந்தக் கணக்கில் எழுதுவது?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், 1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 பாயிண்ட் எடுத்தார். ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டிலிருந்து பொறுக்கிய பந்து, 25.7. அதே சீசனில் ஆஸ்கார் ராபர்ட்சன் சராசரியிலேயே டிரிபிள்-டபுள் (பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம்) போட்டு வைத்திருந்தார். சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது இருவருக்குமே போகவில்லை. சராசரியில் இருபது பாயிண்ட்கூட எட்டாத பாஸ்டன் செல்டிக்ஸ் சென்டர் (வளையத்தருகே நின்று காக்கும் ஆள்) பில் ரஸ்ஸலுக்குப் போனது.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் எம்விபிக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள். சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களை இடவாரியாகப் பட்டியலிடும் ஆல்-என்பிஏ அணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பத்திரிகைக்காரர்களும் ஒலிபரப்பாளர்களும். அவர்கள் வில்ட்டை முதல் அணியிலும் ரஸ்ஸலை இரண்டாவது அணியிலும் போட்டார்கள். லீகிலேயே சிறந்த ஆட்டக்காரர், ஆனால் சென்டர்களில் இரண்டாவது ஆள்! புள்ளிவிவரத் தாளைப் பார்த்தவர்கள் ஒன்று சொன்னார்கள், எதிரே நின்று ஷாட் அடிக்க வேண்டியிருந்தவர்கள் வேறொன்று சொன்னார்கள்.

பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுகள் வந்தால், எல்லாக் காலத்திலும் பெரிய ஆட்டக்காரர் ஜோர்டானா லெப்ரானா என்ற சண்டை நம் டைம்லைனில் ஆரம்பித்துவிடும். யாராவது ஒருவர் நடுவில் ரஸ்ஸல் பெயரை இழுப்பார். உடனே இரண்டு கோஷ்டி கிளம்பும். ஒன்று, "13 சீசனில் 11 சாம்பியன்ஷிப், பேச்சே வேண்டாம்" கோஷ்டி. இன்னொன்று, "15 பாயிண்ட் சராசரி, 44 சதவீத ஷூட்டிங், இதெல்லாம் ஒரு கணக்கா" கோஷ்டி. இரண்டு பேரோடும் எனக்கு ஒத்துப்போகாது. பிளேஆஃபில் ஒரு அணியின் தலையெழுத்தை ரஸ்ஸல் அளவுக்கு மாற்றியவர் யாரும் இல்லை என்பது என் கட்சி. ஆனால் அதற்கு இந்த இரண்டு கோஷ்டியும் நீட்டும் எண்கள் எதுவும் உதவாது.

முதலில் தாளையே எடுத்துக்கொள்வோம். ரஸ்ஸல் ஆடியது 1956 டிசம்பரிலிருந்து 1969 மே வரை. என்பிஏ பிளாக்கையும் (தடுத்த ஷாட்) ஸ்டீலையும் (பறித்த பந்து) எண்ண ஆரம்பித்தது 1973-74இல். டர்ன்ஓவருக்கு, அதாவது பந்தை எதிரணியிடம் விட்டுவிடும் தவறுக்கு, தனிக் கட்டம் வந்தது 1977-78இல். அதாவது அவருடைய பிரதான வேலை என்னவோ, அதற்கான கட்டமே அவர் ஓய்வு பெற்று நான்கு வருஷம் கழித்துத்தான் தாளில் வந்தது. கிரிக்கெட்டில் விக்கெட் எடுக்காமல் ரன்னை இறுக்கிப் பிடிக்கும் பவுலருக்கு எகானமி ரேட் என்று ஒரு கட்டமாவது இருக்கிறது. ரஸ்ஸலுக்கு அதுகூட இல்லை.

சரி, எண்ணியிருந்தால் மட்டும்? ரஸ்ஸல் பந்தை எப்படித் தடுத்தார் என்பதுதான் இங்கே விஷயம். வளையத்துக்கு மேலே எழும்பி, பந்தை ஓங்கி அறைந்து மூன்றாவது வரிசை ரசிகர் மடியில் விழவைப்பது பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் பந்து மறுபடி எதிரணிக்கே போகும். ரஸ்ஸல் பெரும்பாலும் அதைத் தட்டி எல்லைக்குள்ளேயே வைத்திருப்பார், முடிந்தால் தன் ஆள் கையிலேயே சேர்ப்பார். அங்கிருந்து பந்து செல்டிக்ஸின் கார்டு (பந்தை நடத்திச் செல்பவர்) பாப் கூஸியிடம் போய், இரண்டு மூன்று நொடியில் மறுமுனையில் லே-அப், அதாவது வளையத்தருகே போடும் எளிய ஷாட், ஆகிவிடும். முதல் வகையில் எதிரணிக்கு ஒரு ஷாட் நஷ்டம், அவ்வளவுதான். இரண்டாவது வகையில் அந்த நஷ்டத்தோடு செல்டிக்ஸுக்கு இரண்டு பாயிண்ட் லாபமும் சேரும். இன்றைய பாக்ஸ் ஸ்கோர் என்ற புள்ளிவிவரத் தாளில்கூட இரண்டும் ஒரே ஒரு பிளாக்தான். அப்புறம், அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் வெளியே திரும்பிப் போன ஷாட்டுகள் இருக்கின்றனவே, அதை யார் எண்ணுவது?

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். ரஸ்ஸலின் பிளேஆஃப் சராசரி 24.9 ரீபவுண்ட். 165 ஆட்டங்களில்! இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இன்றைய சென்டர்களின் தலையில் போடுகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. அறுபதுகளில் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் ஷாட் அடித்தது. அதில் பாதிக்கு மேல் தவறியது. தவறிய ஷாட் அதிகம் என்றால் பொறுக்க வேண்டிய பந்தும் அதிகம். வேகத்தைக் கணக்கில் எடுத்துக் குறைத்தால் அது இன்னமும் பிரமாதமான எண்தான், ஆனால் வேற்றுக் கிரக எண் இல்லை. ஆட்டக்காரரின் எல்லா எண்களையும் ஒரே மதிப்பாகச் சுருக்கும் பிஇஆர் என்ற கணக்கில் ரஸ்ஸலுக்கு 18.9, வில்ட்டுக்கு 26.1. லீக் சராசரி 15. தாளில் உள்ளதை மட்டும் கூட்டிக் கழிக்கும் சூத்திரம் வேறென்ன சொல்லும்?

இப்போது "11 சாம்பியன்ஷிப்" கோஷ்டிக்கு, சாம்பியன்களுக்கு மோதிரம் தருவதால் மோதிரக் கோஷ்டிக்கு, வருகிறேன். அவர்களின் பிரம்மாஸ்திரம், ரஸ்ஸல் ஆடிய கேம் 7களில் (ஏழு ஆட்டத் தொடரைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம்) செல்டிக்ஸ் 10-0, பத்து வெற்றி, தோல்வியே இல்லை. காசு சுண்டுவதாக வைத்தால் 1024இல் ஒரு வாய்ப்பு. ஆனால் இது காசு இல்லையே. பத்தில் எட்டு ஆட்டம் பாஸ்டன் கார்டனில், சொந்த மைதானத்தில் நடந்தது. அணியும் நல்ல அணி. ஒவ்வொன்றிலும் ஜெயிக்க 70 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், பத்தையும் ஜெயிப்பது ஏறக்குறைய 35இல் ஒன்று. அரிதுதான், அதிசயமில்லை. அந்தப் பத்தில் ஏழு ஆட்டங்களின் வித்தியாசம் நான்கு பாயிண்டோ அதற்கும் குறைவோ. 1962 ஃபைனல்ஸில் எதிரணி லேக்கர்ஸின் ஃபிராங்க் செல்வியின் கடைசி நொடி ஷாட் வளையத்துக்குள் விழுந்திருந்தால் அது 9-1. அந்த ஆட்டத்தில் ரஸ்ஸல் 30 பாயிண்ட், 40 ரீபவுண்ட் எடுத்திருந்தார். செல்வியின் பந்து விழுந்திருந்தால் ரஸ்ஸலின் ஆட்டம் மட்டமாகியிருக்குமா?

1965 கதை இன்னும் சுவையானது. பிலடெல்பியாவோடு கேம் 7. செல்டிக்ஸ் ஒரு பாயிண்ட் முன்னால், ஐந்து நொடி பாக்கி. பந்தை உள்ளே போட வேண்டியவர் ரஸ்ஸல். அவர் போட்ட பந்து, வளையத்தைத் தாங்கிப் பிடித்திருந்த கம்பியில் பட்டுவிட்டது. பந்து எதிரணிக்கு. பிலடெல்பியாவின் ஹால் கிரீர் உள்ளே போட்டதை செல்டிக்ஸின் ஜான் ஹாவ்லிசெக் குறுக்கே கைவிட்டுத் தட்டியதால் செல்டிக்ஸ் தப்பித்தது. 110-109. ரஸ்ஸலின் பத்து வெற்றிகளில் இதுவும் ஒன்று. டர்ன்ஓவர் கட்டமும் அப்போது இல்லாததால் அந்தத் தப்பும் தாளில் ஏறவில்லை. இல்லாத கட்டம் எப்போதும் அவருக்கு எதிராகத்தான் வேலை செய்தது என்று நினைக்க வேண்டாம்.

ஒருவர் ஆடும்போது அணி எத்தனை பாயிண்ட் முன்னால், பின்னால் என்று காட்டும் பிளஸ்-மைனஸ் இருந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும் என்பார்கள். அவர் பிளேஆஃபில் சராசரியாக 45 நிமிடத்துக்கு மேல் ஆடினார். வெளியே உட்கார்ந்தது ஆட்டத்துக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அந்த மூன்று நிமிடத்தை வைத்து "இவர் இல்லாதபோது அணி எப்படி" என்று என்ன கண்டுபிடிப்பது? 1958 ஃபைனல்ஸ் ஒன்றுதான் கொஞ்சம் பெரிய சோதனை. மூன்றாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகி ரஸ்ஸல் வெளியேறினார். நான்காவதை அவர் இல்லாமலே செல்டிக்ஸ் 109-98 என்று ஜெயித்தது. ஐந்தாவதை இரண்டு பாயிண்டில் தோற்றது. ஆறாவதில் நொண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் ஆடினார், எதிரணி செயின்ட் லூயிஸின் பாப் பெட்டிட் 50 பாயிண்ட் அடித்தார், ஒரு பாயிண்டில் கோப்பை போனது. ரசிகர்கள் இதை "ரஸ்ஸல் இல்லை, கோப்பை இல்லை" என்று ஒரே வரியில் முடிப்பார்கள். நான்காவது ஆட்டத்தை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவர் போன பிறகு என்ன ஆனது என்று பார்த்தால், 1968-69இல் 48 வெற்றி, 34 தோல்வி என்று இருந்த அணி அடுத்த வருஷம் 34-48. கண்ணாடியில் பார்த்தது மாதிரி. ஆனால் கார்டு சாம் ஜோன்ஸும் அதே கோடையில் ஓய்வு பெற்றார். போதாததற்கு, பயிற்சியாளரும் ரஸ்ஸலேதான். சென்டர், கோச், சிறந்த கார்டு என்று மூன்று இடமும் ஒரே நேரத்தில் காலி. வந்தபோதும் இதே சிக்கல். 1956-57இல் டாம் ஹைன்சோனும் புதிதாக வந்தார், அந்த வருஷச் சிறந்த புதுமுகத்துக்கான ரூக்கி விருதே அவருக்குத்தான் போனது.

அப்படியானால் என்னதான் மிச்சம் என்று கேட்பீர்கள். எனக்கு நம்பிக்கை தரும் கணக்கு 1963-64. கூஸி ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் சீசன். பின்னாளில் பொசெஷன்களை (ஒரு அணி பந்தை வைத்து ஆடும் வாய்ப்புகளை) மதிப்பிட்டுப் பார்த்தவர்களின் கணக்குப்படி, ஒன்பது அணிகளில் செல்டிக்ஸின் தாக்குதல் கடைசி இடம். தடுப்பாட்டம் முதல் இடம், அதுவும் இரண்டாவது அணி எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில். 59 ஆட்டம் ஜெயித்து, ஃபைனல்ஸில் வில்ட் இருந்த அணியை 4-1 என்று அடித்தார்கள். தாக்குதலில் கடைசி ஆள் சாம்பியன்! இது ஒரு வருஷ அதிர்ஷ்டமும் இல்லை. ரஸ்ஸல் இருந்த காலம் முழுக்க, கிட்டத்தட்ட ஒவ்வொரு வருஷமும் தடுப்பாட்டத்தில் முதலிடம் அவர்களுக்குத்தான். கூட ஆடியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பிந்தைய வருஷங்களில் கே.சி. ஜோன்ஸ், சாட்ச் சாண்டர்ஸ் மாதிரி பிடித்தால் விடாத ஆட்கள் இருந்தார்கள்தான், அவர்கள் பங்கைக் கழிக்க வேண்டும். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பும், கே.சி. போன பிறகும், நடுவில் நின்றவர் ஒருவர்தான்.

வில்ட்டின் எண்களிலும் ரஸ்ஸலைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். ரெகுலர் சீசனில் சராசரி 30.1 பாயிண்ட், பிளேஆஃபில் 22.5, பாருங்கள் ரஸ்ஸல் செய்த வேலையை என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். வில்ட் கொட்டோ கொட்டென்று கொட்டிய முதல் வருஷங்களில் அவர் அணி பிளேஆஃபில் ஆடியது குறைவு. பின்னாளில் லேக்கர்ஸ் அணியில் இருந்த காலத்தில் பிளேஆஃப் ஆட்டங்கள் அதிகம், அப்போது அவர் குறைவாகவே ஷாட் அடித்தார். இரண்டையும் ஒரே சராசரியில் போட்டுக் குழப்பினால் இறக்கம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரே வருஷத்தை மட்டும் பார்த்தால் நேர்மையாக இருக்கும். 1962இல் 50.4லிருந்து பிளேஆஃபில் 35. பாஸ்டனோடு கேம் 7இல் 22. இங்கே ரஸ்ஸலின் கை தெரிகிறது என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

அந்தக் கால ஆட்டங்கள் முழு ஒளிப்பதிவாக மிஞ்சியது கொஞ்சம்தான். அதையாவது உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, ரஸ்ஸல் பக்கத்தில் நின்றபோது விழுந்த ஷாட் எத்தனை, தடுத்த பந்தில் செல்டிக்ஸ் கையில் சேர்ந்தது எத்தனை என்று எண்ணி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எக்செல் அனுப்புங்கள். 11 மோதிரம் என்று கமென்ட் போட வருபவர்கள் முதலில் 1958 நான்காவது ஆட்டத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வரவும்.